துடிப்பும் கர்த்தாவும்

குடம் என்னும் காரியத்தைக் கண்டவன், மண்ணும் திகிரியும் மட்டும் போதா, வனைந்த குயவன் ஒருவனும் இருந்தே தீரவேண்டும் என்று துணிவதுபோல, தோன்றி நின்று ஒடுங்கும் பிரபஞ்சத்தைக் கண்டவன் அதற்கு நிமித்த காரணனாகிய கர்த்தா ஒருவனைத் துணியலாம் என்பது, மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்திகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வாதம். சடம் தானாக இயங்காது என்பதே அதன் அஸ்திவாரம். இதற்குச் சாட்சி நம் மார்புக்குள்ளேயே இருக்கிறதென்று பிரசங்கிகள் சொல்வதுண்டு. நாம் உறங்கும்போதும் நம்மைக் கேளாமலே, நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 முறை துடிக்கும் இருதயம், ஆட்டுவிப்பவன் ஒருவன் இன்றி எப்படி ஆடும் என்பது அவர்கள் கேள்வி.

1960-ஆம் ஆண்டில், லண்டன் யூனிவர்சிடி காலேஜில் இளம் ஆராய்ச்சியாளராக இருந்த டெனிஸ் நோபிள், அதிகாலையில் கசாப்புக்கூடத்திலிருந்து ஆட்டு இருதயங்களை வாங்கிவந்து, அவற்றின் பர்க்கின்ஜி நார்களில் ஓடும் மின்சாரத்தை அளந்து, கணவாயின் நரம்புக்காக ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் வகுத்திருந்த சமன்பாடுகளை இருதயத்துக்கு ஏற்பத் திருத்தி, ‘மெர்க்குரி’ என்ற கணிப்பொறியிடம் ஒப்படைத்தார். அவருக்கு ஒதுக்கப்பட்ட வேளை பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரை. மாணவனுக்கு வேறு எந்த வேளையைத்தான் கொடுப்பார்கள்! தாளத்தை உண்டாக்கும் உறுப்பு உமது சமன்பாடுகளில் எங்கே இருக்கிறது என்று கணிதம் அறிந்தவர்கள் அவரைக் கேட்டார்களாம். அப்படி ஓர் உறுப்பு அவற்றில் இல்லை. ஆயினும் சமன்பாடுகள் துடித்தன. ஒரு துடிப்பு அடங்கியதும் பொட்டாசியத்தின் வெளியோட்டம் மெள்ள மெள்ளக் குறைய, சவ்வின் மின்னழுத்தம் சிறுகச் சிறுக ஏறி, ஓர் எல்லையைத் தொட்ட மாத்திரத்தில் சோடியம் வெள்ளமாகப் புகுந்து அடுத்த துடிப்பை எழுப்புகிறது. அழுத்தம் ஓட்டங்களை ஆள்கிறது; ஓட்டங்கள் அழுத்தத்தை ஆள்கின்றன. அழுத்தத்தை ஒரே நிலையில் பிடித்துவைத்தால் தாளம் நின்றுபோகிறது.

சமன்பாடுகளை எழுதிய நோபிளே குயவன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அது சாமர்த்தியமேயன்றிச் சமாதானம் ஆகாது. எழுதியது யார் என்பதன்று, எழுதி முடித்தபின் கணந்தோறும் ஆட்டுவிப்பது யார் என்பதே கேள்வி. ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும், நடுவில் கர்த்தா வேண்டுவதில்லை என்ற பௌத்தர் இவ்விடத்தில் புன்னகை செய்வர். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஒவ்வொரு துடிப்பையும் உள்ளிருந்து தள்ளும் ஒருவனைப் பற்றிய வாதம் தோற்றுவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளப் பக்தன் லஜ்ஜைப்பட வேண்டியதில்லை.

ஆனால் காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்லும் அநுமானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, அதே இருதய சாஸ்திரத்தின் வேறொரு கிளை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. ஐந்தோவன் லெய்டன் நகரில் நோயாளியின் இரு கைகளையும் இடக்காலையும் உப்புநீர்ச் சாடிகளில் அமிழ்த்தி மின்வரைவு எடுத்த நாள் முதல், தோலின்மேல் தெரியும் அலையைக்கொண்டு உள்ளே நிகழ்வதை ஊகிப்பதே வைத்தியரின் வேலையாயிற்று. உள்ளே வெவ்வேறாக அமைந்த மின்மூலங்கள் எண்ணற்றவை, மேற்பரப்பில் ஒரே உருவத்தைக் காட்டக்கூடும் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே நிறுவியிருந்தார். ஆகையால் இன்றைய நிபுணர்கள் அலையை மட்டும் நம்புவதில்லை; நோயாளியின் இருதயமும் மார்புக்கூடும் எவ்வடிவின என்பதை ஸ்கேன் எடுத்தறிந்து, அலை தசையில் பரவும் விதத்தையும் கணக்கில் சேர்த்த பிறகே, கோளாறு பிறக்கும் இடம் இதுவென்று ஒருவாறு துணிகிறார்கள்.

கருதல் என்னும் அநுமானம் ஒன்றே கடவுளை நிறுவப் போதும் என்ற நம்பிக்கை பிரசங்க மேடையில் வளர்ந்தது; சிவஞான சித்தியாரில் அருணந்தியார் அறிவுக்கு வழியாகும் அளவைகளை எண்ணும்போது, காண்டலோடும் கருதலோடும் ஆகமமாகிய உரையையும் சேர்த்தே வைத்தார். வைத்தியரின் ஊகத்தைச் சரிபார்க்க மெல்லிய குழாயொன்றை இரத்தநாளத்தின் வழியே இருதயத்துக்குள் செலுத்திப் பார்க்கலாம், பார்த்ததைப் பிறருக்கும் காட்டலாம். சித்தாந்தியோ தம் துணிபைச் சரிபார்க்கச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு படிகளைக் காட்டுகிறார், அவற்றில் ஏறியவன் கண்டதை ஏறாதவனுக்குக் காட்ட அவரிடம் கருவி ஏதுமில்லை.