ரசீதுப் புத்தகம் இல்லாத மிஸ்கீன்



2025ஆம் ஆண்டில் நமக்கு ரமளான் மார்ச் மாதத்தில் வந்தது. பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தது மே 8ஆம் தேதி. பொறியியல் கலந்தாய்வு ஜூலையில்தான் தொடங்கியது. இந்தத் தேதிகளை நான் ஏன் எண்ணிச் சொல்கிறேன் என்றால், இவற்றின் இடைவெளியில் ஒரு பிள்ளையின் படிப்பு விழுந்து போனதை நான் கண்ணால் கண்டேன்.

பெரம்பலூர் வட்டாரத்தில் ஒரு மஹல்லா. சந்தைக்குச் சந்தை பிளாஸ்டிக் சாமான் சுமந்து விற்கும் ஒருவர், மஃரிபு தொழுகைக்குப் பின் ஒரு சீட்டோடு வந்து நின்றார். "ஹஜ்ரத், பையனுக்கு இஞ்சினியரிங் சீட்டு கிடைச்சிருக்கு. பீஸைக் கவர்மெண்டு பாத்துக்குமாம். ஆஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் நாப்பதாயிரம் கட்டணும்கிறாங்க" என்றார். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் அதுவரை எவருமில்லை. பள்ளிவாசல் நிர்வாகிகள் கெட்டவர்களல்லர். அவர்கள் உண்மையாகவே வருந்திச் சொன்னார்கள்: "ஜகாத் பணமெல்லாம் நோன்புலேயே முடிஞ்சு போச்சே பாய்." அந்தப் பையன் இன்று ஒரு செல்போன் கடையில் நிற்கிறான். ஹலாலான உழைப்புதான், அதை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ரமளானில் மிம்பரில் நின்று, இருபத்தேழாம் இரவுக்குள் ஜகாத்தைக் கொடுத்து முடித்துவிடுங்கள் என்று முழங்கியவன் நான்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளி நானே.

ஜகாத் யாருக்கு என்பதை அல்லாஹு தஆலா நம் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. தவ்பா சூராவின் 60ஆம் வசனத்தில் எட்டு வகையினரை அவனே எண்ணிச் சொல்லிவிட்டான். பக்கீரும் மிஸ்கீனும் அதில் முதலிடம் பெற்றவர்கள். பகரா சூராவின் 273ஆம் வசனத்தையும் சற்று நிதானித்து ஓதிப் பாருங்கள். அல்லாஹ்வின் பாதையில் தங்களை ஒப்படைத்துவிட்டதால் சம்பாதிக்க நடமாட முடியாதவர்கள், கேட்கக் கூசுவதால் விவரம் தெரியாதவன் கண்ணுக்கு வசதியுள்ளவர்களாகத் தெரிபவர்கள், யாரையும் வற்புறுத்திக் கேட்காதவர்கள் என்று அது ஒரு கூட்டத்தாரை வர்ணிக்கிறது. மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் கல்விக்காகத் தங்கியிருந்த ஸுஃப்பாத் தோழர்களை அது குறிக்கும் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். தீனைக் கற்ற அந்தத் தோழர்களின் அந்தஸ்து வேறு, மறுக்கவில்லை. ஆயினும் கேட்கத் தெரியாத ஏழையைத் தேடிப் போகும் கடமை நம்முடையது என்பது அந்த வசனத்தில் பளிச்சென்று தெரிகிறது.

கல்லூரியில் படிப்பவனுக்கு ஜகாத் கூடுமா என்று கேட்கிறார்கள். ஹனபி மத்ஹபில் பார்க்க வேண்டியது, அவன் தன் அத்தியாவசியத் தேவை போக நிஸாபுக்குச் சொந்தக்காரனா என்பதைத்தான். இல்லையென்றால், அவன் உடல் வலுவுள்ளவனாக இருந்தாலும் கொடுக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில், உழைக்கச் சக்தியிருந்தும் மார்க்கக் கல்வியில் ஈடுபட்டதால் உழைக்க இயலாமற் போனவனுக்கு ஜகாத் ஹலால் என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதியுள்ளார்கள். சமுதாயத்துக்குப் பயன்தரும் பிற கல்வியையும் அதோடு சேர்த்துப் பார்க்கும் உலமாக்கள் இக்காலத்தில் பலர் இருக்கிறார்கள். பத்ரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள், பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதையே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீட்புத் தொகையாக ஏற்றதை ஸீரா நூல்கள் கூறுகின்றன. காஃபிரிடமிருந்து கற்ற அந்த எழுத்தையும் அவர்கள் வேண்டாமென்று தள்ளவில்லை.

நான் ஓதியது மதரஸாவில். அங்கே உண்ட சோற்றில் உங்கள் ஜகாத்தும் ஸதகாவும் கலந்திருந்தன. மதரஸாவுக்காக ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வந்தார், நீங்கள் கொடுத்தீர்கள். கல்லூரிக்குப் போகும் ஏழைப் பிள்ளைக்கு ரசீதுப் புத்தகம் ஏது?

இப்பொழுது தேதி விஷயத்துக்கு வருகிறேன். ஜகாத்துக்கும் ரமளானுக்கும் இருக்கும் தொடர்பு நன்மை பன்மடங்காகும் என்ற ஆசையால் நாம் வைத்துக் கொண்டது. கடமை என்பது நிஸாபு கைக்கு வந்து சந்திர வருடம் ஒன்று நிறைவதைப் பொறுத்தது. வருடம் நிறைந்தபின் காரணமின்றித் தாமதிப்பது தவறு. ஆனால் முன்கூட்டியே கொடுக்கலாமே! அப்பாஸ் (ரலி) அவர்கள் அனுமதி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் இசைந்தார்கள் என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. நிஸாபுக்கு உரியவர் ஒரு வருட ஜகாத்தை முன்னதாகவே கொடுப்பதை ஹனபிகளும் ஷாஃபிஈகளும் ஏற்கிறார்கள். அப்படியானால் வரும் ரமளானில் சேர வேண்டிய தொகையில் ஒரு பகுதியை ஜூன், ஜூலையிலேயே கொடுத்துவிட்டு, ரமளானில் கணக்குப் பார்த்து மீதியைச் செலுத்தினால் என்ன?

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களில் வளைகுடாவில் உழைப்பவர்கள் பலர். நாலு லட்சம் வைத்திருப்பவருக்கு ஜகாத் பத்தாயிரம். அதை நூறு நூறாக நூறு கைகளில் வைத்தால் கொடுத்தவருக்கு மனம் குளிரும். வாங்கியவருக்கு ஒரு கிலோ கறி கூட வராது. நாலு பேர் சேர்ந்தால் மேலே சொன்ன பையனின் நாற்பதாயிரம் முடிந்துவிட்டது. விதவைக்கும் நோயாளிக்கும் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்வதாக எவரும் திரித்துக் கொள்ள வேண்டாம்.

அரசு தருவதையும் விட்டுவிடக் கூடாது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010ல் வந்தது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்பவருக்கே அது. நிர்வாக ஒதுக்கீட்டில் போனால் இல்லை. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்னதாகவே மனுச் செய்ய வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 2021ல் தொழிற்கல்வியிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தபோது, விடுதிச் செலவையும் அரசு ஏற்றது. நம் பையன் படித்தது உதவி பெறும் பள்ளி. அதனால் அந்த வாசல் அவனுக்கு அடைபட்டது. இந்த விவரங்களைப் பிள்ளையின் அத்தாவுக்குச் சொல்ல ஆளில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர் இருவரை மஹல்லா நியமித்து, மே மாதத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்கச் சொன்னால் அதுவே பெரிய ஸதகா. பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் தாயிடம் பேசப் பெண்ணையே அனுப்புங்கள்.

நாம் கை கட்டி நின்றால் அந்தத் தகப்பன் போவது வட்டிக் கடனுக்குத்தான். வட்டி ஹராம் என்று அப்பொழுது பயான் செய்வது எளிது.

பணத்தைக் கல்லூரிக்கு நேரே கட்டலாமா என்பது இன்னொரு கேள்வி. ஹனபி சட்டப்படி ஜகாத் ஏழையின் உடைமையாக வேண்டும். ஆகவே மாணவன் கையில் கொடுங்கள். அல்லது அவன் ஒப்புதல் பெற்று அவன் சார்பாகக் கட்டுங்கள். கல்லூரிக் கட்டடத்துக்கு அது ஆகாது. சகோதரன் மகன், சகோதரி மகள் ஏழையாக இருந்தால் அவர்களுக்குக் கொடுக்கலாம். உறவையும் பேணிய நன்மை கூடுதல். பெற்ற பிள்ளைக்கு ஆகாது.

கடைசியாக ஒன்று. சொல்லிக் காட்டியும் மனம் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று பகரா சூராவின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. மேடை போட்டு, மாலை போட்டு, காசோலையை நடுவில் பிடித்துப் படமெடுத்து அந்தப் பிள்ளையை ஊருக்கெல்லாம் ஏழையென்று காட்ட வேண்டாம். இஷாவுக்குப் பின் முதவல்லி ஒருவர் மட்டும் அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, சலாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, கொடுத்தவர் யாரென்று சொல்லாமல் திரும்பி வரட்டும்.