மனச்சோர்வு பிசாசா?



"மனசு சரியில்ல பாஸ்டர், ஜெபம் பண்ணுங்க." மரக்காணத்தில் இதை வாரம் தவறாமல் கேட்கிறேன். பிள்ளையின் பரீட்சை பயமும் இதுதான், மழைக்காலத்தில் உப்பள வேலை நின்று வட்டி கட்ட முடியாத கவலையும் இதுதான், வியாதியும் இதுதான். மருத்துவர்கள் இவற்றைப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமோ பெயர் தெரியாததையெல்லாம் பிசாசு என்றுவிடுகிறோம்.

கவலை வேறு, மனச்சோர்வு வேறு. மழை விட்டுப் பாத்தியில் இறங்கினால் கவலை பாதி பறந்துவிடும். மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன், அப்படிப் போகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் இருண்டு, தூக்கமும் பசியும் கெட்டு, பிரியமான காரியத்திலும் விருப்பமில்லாமல், "நான் எதுக்கு இருக்கணும்" என்று தோன்றினால் அது வியாதி.

விசுவாசக் குறைவு என்பவர்கள் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கின எலியா, யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டான். தேவன் அவனைக் கடிந்துகொண்டாரா? பிசாசைத் துரத்தினாரா? தூங்கவிட்டார். தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டு மறுபடியும் கொடுத்தார். ஓரேபில் பேசினதெல்லாம் அதற்குப் பிறகுதான்!

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், அலைச்சத்தம் உயர்ந்தாலே நடுங்கியவர்கள், கனவில் அலறியவர்கள் நம் கடற்கரையில் உண்டு. இப்படி மாதக்கணக்கில் நீடித்தால் பி.டி.எஸ்.டி., பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், என்கிறார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இந்தப் பெயரை நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலைமை அதற்கு ஒரு முக்கிய காரணம். பட்டாளத்துக்காரனுக்கே வருகிற வியாதி இது. கோழைத்தனம் என்று யாரும் ஏசவேண்டாம்.

ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, "என்னைக் கொல்லப் பாக்குறாங்க" என்று உறுதியாய் நம்புவது மனச்சிதைவின் அடையாளங்கள். நம்மிடத்தில் பிசாசுக் கட்டு என்று அதிகமாய்ப் பெயர் வாங்குவது இதுதான். அந்தப் பெயர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அது வேறு மார்க்கத்தார் வரும் இடம் என்று நாம் விரல் நீட்டவேண்டாம். மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று பிரசங்கிக்கிறவர்கள் நம் நடுவிலும் இருக்கிறார்களே! மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அடியோடு தடைசெய்கிறது.

உப்பளத்தில் கால் வெடித்துப் புண்ணானால் மருந்து போட்டுக்கொண்டே ஜெபிக்கிறோம், அதை யாரும் அவிசுவாசம் என்பதில்லை. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும்; "நாலு நாள் போட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று தூக்கி எறியாதீர்கள். சுகமானபின்னும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஞாயிறு ஆராதனை வரை காத்திராதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கமாயிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், பஸ்ஸில் நானும் கூட வருகிறேன்.