வரைபடம் யாருடையது?

பிறரொருவர் திறந்துவைத்த வரைபடத்தின் மேல் நம் உழைப்பை ஏற்றிவிட்டு, நாம் ஏற்றிய பகுதியை மட்டும் பூட்டி வைத்துக்கொள்ளுதல் முறையாகுமா? சட்டம் பல வேளைகளில் ஆம் என்றே விடை கூறும். அறம் என்ன கூறும்? இக்கேள்வியை இலத்திரனியல் போன்றதொரு துறையிலிருந்து எடுத்துக்கொள்வது இலக்கிய ஏட்டு வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். மன்னார்த் தீவிலே வாழும் நமக்கோ இது காற்றோடும் கடலோடும் பிணைந்த கேள்வியாகவே படுகிறது.

பொருளை முதலில் விளங்கிக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும் ஒரே பலகையில் முழுக் கணினியும் அமைந்துவிடும் காலம் இது. ஆனால் அப்பலகைக்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. காற்றின் வேகத்தையோ மழையின் அளவையோ அது அறிய வேண்டுமாயின், அதன் விளிம்பிலுள்ள இணைப்புக் கால்களின் மேல் வேறொரு சிறு பலகையைப் பொருத்துதல் வேண்டும். இதனையே துணைப்பலகை என்கிறோம். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரிற் பிறந்த ஆர்டுயினோ கணினியன்று, எளிய கட்டுப்பாட்டுப் பலகையே. எனினும் துணைப்பலகை என்னும் வழக்கைப் பரப்பியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அதன் துணைப்பலகைக்கு ‘ஷீல்ட்’ என்று பெயர், பீகிள்போனுடையது ‘கேப்’, ராஸ்பெரி பையினுடையது ‘ஹாட்’. கேடயம், போர்வை, தொப்பி என்று ஒரு கணினிக்கு இத்தனை அலங்காரம்!

2013இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் பலகையின் மின்சுற்று வரைபடத்தையும், செப்புத்தடங்களின் அமைப்பையும், உறுப்புகளின் பட்டியலையும் எவரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், செய்து விற்கவும் செய்யலாம். திறந்த வன்பொருள் என்பதன் பொருள் இதுவே. அதைவிடப் பெயர் பெற்ற ராஸ்பெரி பை இவ்வகையைச் சேர்ந்ததன்று. அதன் வரைபடம் சுருக்கிய வடிவிலேயே வெளியிடப்படுகிறது. பீகிள்போனும் அடிமுடி திறந்ததென்று கொள்ளற்க. அதன் நடுவிலிருந்து கணிக்கும் சில்லு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் உடைமை. அதன் உள்ளமைப்பு நமக்குத் தெரியாது. அந்தப் பூட்டையும் திறக்க முயல்வோர் உளர். சென்னை ஐ.ஐ.டி.யில் 2014இல் தொடங்கிய ‘சக்தி’ சில்லுத் திட்டம் அவற்றுள் ஒன்று.

துணைப்பலகை வடிவமைப்பவருக்கு முதலில் வேண்டுவது அயலாரோடு ஒத்து வாழும் பண்பு என்றால் மிகையன்று. பீகிள்போனில் இரண்டு வரிசைத் தொகுதிகளிலாக 92 கால்கள் உள்ளன. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு துணைப்பலகைகள் வரை அடுக்கலாம். நான்கும் அதே கால்களைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு துணைப்பலகையிலும் ஒரு சிறு நினைவகச் சில்லு இருத்தல் வேண்டும் என்பது விதி. தன் பெயர், பதிப்பு, செய்தவர், தான் பயன்படுத்தும் கால்கள் ஆகியவற்றை அது கணினிக்கு அறிவிக்கும். அச்சில்லுகளுக்கு ஒதுக்கப்பட்ட முகவரிகள் நான்கே. அடுக்கு நான்கோடு நிற்பதும் அதனாலேயே. அறிவிப்பு இருந்தாலும் கவனக்குறைவுக்கு மன்னிப்பில்லை. இப்பலகையின் சாதாரணக் கால்கள் 3.3 வோல்ற்றைத் தாங்கும். அலைமறைக் குறிகளை ஏற்கும் கால்களோ 1.8 வோல்ற்றுக்கு மேல் தாங்கா. ஐந்து வோல்ற்று தரும் காற்றுமானியை நேரே இணைத்தால் விருந்தினன் வீட்டையே கொளுத்தினான் என்ற கதையாகும்.

இவ்விடத்தில் ஆர்டுயினோவின் வரலாற்றுச் செய்தியொன்று சிந்திக்கத்தக்கது. அதன் கால்கள் பத்திலொரு அங்குல இடைவெளியில் ஒழுங்காக நிற்கின்றன. ஏழாம் எட்டாம் கால்களுக்கிடையே மட்டும் அவ்வொழுங்கு பிறழ்ந்து, இடைவெளி 0.16 அங்குலமாக இருக்கிறது. தொடக்கத்தில் வரைபடத்தில் நேர்ந்த பிழை இது. பிழையென்று உணர்ந்த காலத்தில் பலர் அந்த இடைவெளிக்கு ஏற்பத் துணைப்பலகைகளைச் செய்து முடித்திருந்தனர். திருத்தினால் அவை யாவும் வீண். ஆகவே பிழை அப்படியே நிலைபெற்று, இன்றும் பின்பற்றப்படுகிறது. தன் வரைபடத்தை வெளியிட்டவர், அதைத் தன் விருப்பப்படி திருத்தும் உரிமையில் ஒரு பங்கை இழந்துவிடுகிறார். தம்மை நம்பிக் கட்டியவர்கள் அவரைக் கட்டிவிடுகிறார்கள். இதனை அடிமைத்தனம் என்பாருமுண்டு. நாம் உறவு என்போம்.

இனி மன்னாருக்கு வருவோம். சோளகம் வீசும் மாதங்களில் தீவின் தென்கரை கொந்தளிக்கும். வாடை வீசும் மாதங்களில் வடகரை கொந்தளிக்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைத் தலைமன்னாரும் அறியும். 2020 டிசம்பரில் புரெவி, திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, நிலத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவினுள் இறங்கியது. அதே மாதத்தில்தான் தீவின் தென்கரையில் முப்பது காற்றாடிகளும் 103.5 மெகாவாற்றுக் கொள்ளளவும் கொண்ட தம்பபவனி காற்றாலை திறந்துவைக்கப்பட்டது. காற்றாடி ஒவ்வொன்றின் தலையிலும் காற்றை அளக்கும் உணரிகள் உண்டு. காற்றாடியைக் காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்புவதற்காகவே அவை அளக்கின்றன. பேசாலையில் வலையேற்றுபவர் கடலுக்குப் போகலாமா என்று முடிவு செய்வதற்காக அன்று.

கரைதோறும் மலிவான வானிலை நிலையமொன்றை நாமே அமைத்தாலென்ன? நாட்டில் இதற்கு முன்மாதிரி உண்டு. 2010களின் பிற்பகுதியில் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் தென் சுவிற்சர்லாந்துப் பல்கலைக்கழகமொன்றும் இணைந்து, சிலாபத்தருகே கடலில் கலக்கும் தெதுறு ஓயாவின் வடிநிலத்தில் ஆர்டுயினோ மெகா பலகையைக் கொண்டு வானிலை நிலையங்களை நிறுவின. வன்பொருள், மென்பொருள், தரவு, நியமம் என்னும் நான்கும் திறந்திருத்தல் வேண்டும் என்பது அத்திட்டத்தின் கொள்கை.

ஆயினும் ஆற்று வடிநிலத்துக்குச் செய்தது கடற்கரையில் அப்படியே நில்லாது. இங்கே உப்பு இருக்கிறது. உப்புக் காற்று திருகு முனைகளிற் பச்சைக் களிம்பு ஏற்றும். அடுத்தடுத்த செப்புத்தடங்களுக்கிடையே ஈரத்தின் வழியாக மின்னைக் கசிய விடும். ஆகவே தடங்களைத் தள்ளி இட வேண்டும். பலகை முழுவதற்கும் காப்புப் பூச்சுப் பூச வேண்டும். எளிதில் மாற்றத்தக்க உறுப்புகளையே தெரிந்தெடுக்க வேண்டும். நடுப்பலகை எந்த ஊருக்கென்றும் செய்யப்படாதது. ஊரின் உப்பும் காற்றும் புகுவது துணைப்பலகையில்தான்.

எனவே நம் கேள்வியின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது. இவ்வூர் இளைஞர் ஒருவர் அத்தகைய துணைப்பலகையை வடிவமைத்து, வரைபடத்தைத் தம் கணினியிலேயே வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இரண்டாண்டில் அவர் கனடா போய்ச் சேர்கிறார். நம் ஊர்களில் இதற்குக் கற்பனை மிகுதியாக வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டு ஒரு தடம் அரிக்கப்படுகிறது. எந்தத் தடம் எங்கே போகிறதென்று சொல்ல ஆளில்லை. கரையில் நிற்பவருக்குப் பலகை வெறுங் குப்பை.

திறந்த வரைபடத்தைப் பெற்றவர் நன்றிக்கடனாகத் தம் வரைபடத்தையும் திறக்க வேண்டும் என்று பலர் வாதிடுவர். இவ்வாதம் நமக்கு நிறைவளிக்கவில்லை. கொடுத்தவர் எங்கோ இருக்கிறார், கைம்மாறு கேட்கவுமில்லை. நம் கருத்தில், அந்த இளைஞரின் கடன் கொடுத்தவருக்கு உரியதன்று; பலகை சொல்வதை நம்பிப் படகைத் தள்ளுபவருக்கு உரியது. உயிரை ஒரு கருவியிடம் ஒப்படைப்பவருக்கு, அக்கருவியின் உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்கும் உரிமை உண்டு. அவருக்கே அது புரியாமற் போகலாம். புரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவாவது வரைபடம் அவர் கையில் இருத்தல் வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. வறிய வீட்டுப் பிள்ளை இரவு பகலாக உழைத்து வரைந்ததைத் திறந்துவைத்தால், முதல் உடைய நிறுவனம் அதை எடுத்து ஆயிரக்கணக்கில் அடித்து விற்றுவிடாதா? பெருந்தன்மையை ஏழையிடமே எதிர்பார்ப்பது என்ன நியாயம்? இம்மறுப்பை நாம் எளிதாக ஒதுக்குவதற்கில்லை. வரைபடம் இலவசமென்பதாற் பலகையும் இலவசமாக வேண்டுமென்பதில்லை. விற்று வாழத் தடையுமில்லை. சேர்ன் ஆய்வுக்கூடம் 2020இல் வெளியிட்ட திறந்த வன்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு மூன்று வகைப்படும். அவற்றுள் கடுமையானது, எடுத்தவர் தாம் செய்த திருத்தத்தையும் திறந்தே தர வேண்டுமென்கிறது. ஆனால் மன்னார் இளைஞர் எந்த நீதிமன்றத்தில், எவர் பணத்தில் அந்த உரிமத்தை நிலைநாட்டுவார்? அக்கரையில் நியாயம் இன்னும் குறைவாகவே இருக்கிறது. அவர் உழைப்புக்கு ஊர்ச் சங்கமோ சபையோ முன்கூட்டியே கூலி தர வேண்டும் என்பதே நமக்குத் தோன்றும் வழி.

பழங்காலத்தில் நம் கைவினைகள் எல்லார்க்கும் திறந்திருந்தன என்று பெருமை பேசுவோரும் உளர். தகப்பனிடமிருந்து மகனுக்கும், ஒரு சாதிக்குள்ளேயும் மட்டும் கடத்தப்பட்ட தொழில் நுணுக்கத்தைத் திறந்ததென்று எவ்வாறு சொல்வது? அப்பூட்டு நமக்குப் புதிதன்று.

2022இன் நெருக்கடியில் மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையிற் கிடந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் வந்தன. அதே காலத்தில் உலகெங்கும் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு. வரைபடம் இருந்தும் சில்லு இல்லாத நிலை அது. ஆயினும் இருக்கின்ற பலகையைப் பழுதுபார்க்க வரைபடம் போதும் என்பதை மறக்கலாகாது.

தமிழாசிரியர் என்ற முறையில் இன்னுமொன்று. வரைபடம் திறந்திருந்தும் அதன் குறிப்புகள் யாவும் ஆங்கிலத்தில் இருக்குமானால், க.பொ.த. சாதாரண தரம் வரை தமிழிற் படித்துவிட்டுப் பழுதுபார்க்கும் கடையில் அமர்ந்திருக்கும் பையனுக்கு அது பாதிதான் திறந்தது. பலகை வரைவதற்குப் பயன்படும் கிகாட் என்னும் இலவச மென்பொருள், 2023இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு முதல், நம் கணினியிலுள்ள எழுத்துருக்களை ஏற்றுக்கொள்கிறது. பச்சைப் பலகையின் மேல் வெள்ளை மையில், ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் ‘காற்று’, ‘மழை’, ‘அமுக்கம்’ என்று தமிழிலே அச்சிடலாம், ‘1.8 வோல்ற்றுக்கு மேல் கூடாது’ என்று எச்சரிக்கலாம். அடிப்புறத்தில் வரைபடம் கிடைக்குமிடத்தைப் பொறித்து, அதன் கீழே, பின்னர் திருத்துவோர் தம் பெயரும் ஆண்டும் எழுதுவதற்கென நாலைந்து வரி வெறுமையாக விடலாம்.