முப்பத்து நான்கில் முதல் கதவு

பல்லேபொலவில் மாத்தளை பஸ்ஸுக்கு நிற்கையில் காதில் ஓடிக்கொண்டிருந்தது பிரியா ராகுவின் ‘குட் லவ் 2.0’. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குச் சுவிற்சர்லாந்தில் பிறந்தவர். சின்ன வயதில் அப்பாவின் குடும்ப இசைக்குழுவோடு தமிழர் விழாக்களில் சினிமாப் பாட்டு. வளர்ந்ததும் விமான நிறுவனமொன்றில் வேலை. பாட்டு என்னவோ ஓய்வு நேரத்துக்குத்தான். சகோதரர் இசையமைத்தார், அவர் வைத்துக்கொண்ட பெயர் ‘ஜப்னா கோல்ட்’. யாழ்ப்பாணத்தை எங்கே கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார் பாருங்கள்! உருகும் சோல் குரல், கீழே மின்னணு அதிர்வு, இடையிடையே நம்மூர்த் தாளம். 2020இல் அந்தப் பாட்டு உலகம் சுற்றியபோது பிரியாவுக்கு வயது 34. அடுத்த ஆண்டு வந்த தொகுப்புக்கு ‘டாம்ஷிஸ்டமில்’ என்று பெயர். நம் பேச்சில் சொன்னால், ‘அடடா, இவள் தமிழ்ப் பிள்ளையெல்லோ!’