மறுகால் பாயும் வாழ்வு

தியானப் பகுதி: ஆதியாகமம் 26:12–33

 

தேசத்திலே பஞ்சம். எல்லாரும் எகிப்தைப் பார்த்துப் போகிற நேரம். ஆனால் கர்த்தர் ஈசாக்கைத் தடுத்து, இந்தக் காய்ந்த மண்ணிலேயே இரு என்று சொல்லிவிட்டார். அவன் இருந்தான், விதைத்தான், ஒன்றுக்கு நூறாக அறுத்தான். நம்ம பக்கத்தில் பஞ்சம் வந்தால் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறோம். ஈசாக்கின் காலத்தில் எகிப்துதான் திருப்பூர்! பிழைக்கப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அனுப்புகிற பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரியுது. ஆனால் "இந்த மண்ணுல ஒண்ணுமே இல்லை" என்று நாம் சொல்லுகிறோமே, அந்த வார்த்தை மாத்திரம் விசுவாச வார்த்தை அல்ல.

திருச்சுழிக்குத் தென்கிழக்கே, அபிராமம் பக்கத்தில் வல்லந்தை என்று ஒரு ஊர் இருக்கிறது. 2007-ம் வருஷம் பஞ்சாபிலிருந்து சில சீக்கிய விவசாயிகள் அங்கே வந்து, சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த நிலத்தைச் சுமார் 300 ஏக்கர் வாங்கினார்கள். முள்ளை அழித்து, சொட்டு நீர் போட்டு, இன்றைக்கு அந்தக் காட்டில் மா, கொய்யா, நெல்லி காய்க்கிறது. நாம் வித்துவிட்டுப் போக நினைக்கிற நிலத்தை நம்பி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்திருக்கிறார்கள்! யோசித்துப் பாருங்கள்.

நானும் என் துணைவியாரும் ஆறு வருஷமாக இரண்டு ஏக்கர் கரிசல் காட்டில், கரண்டு கனெக்ஷன் இல்லாத ஒரு சின்ன வீட்டில் குடியிருந்து வருகிறோம். ஒரு பண்ணைக்குட்டை, நாலு ஆடு, கொஞ்சம் குதிரைவாலி, வீட்டுக்கு வேண்டிய காய்கறி, இரண்டு சோலார் பலகை, ஒரு பேட்டரி. அந்தக் காட்டில் கர்த்தர் கற்றுக்கொடுத்த மூன்று காரியங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

1. தூரோடு பிடுங்கு

சீமைக் கருவேலத்தை மேலோடு வெட்டினால் அது சாகாது. ஒரு கொம்பு வெட்டின இடத்தில் நாலு கொம்பு துளிர்க்கும். தூரைத் தோண்டி எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் வேலை முடியாது. ஆடு அந்த நெற்றைத் தின்று புழுக்கை போட்டால், அதிலிருந்து புதுசா முளைக்கும். வருஷா வருஷம் மழை முடிந்ததும் கன்றுகளைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கணும்.

இதிலே இன்னொரு காரியமும் இருக்கிறது. அந்த முள்தான் நம்மில் பல பேருக்குக் கரிமூட்டம் போட்டுச் சோறு கொடுக்கிறது. அதனால்தான் அதை விட மனசு வருவதில்லை. தேவ பிள்ளையே, உன் வாழ்க்கையிலும் உனக்கு வருமானம் தருகிற முள் ஒன்று இருக்கலாம். வட்டித் தொழிலாக இருக்கலாம், கள்ளக் கணக்காக இருக்கலாம். லாபம் தருகிறது என்பதற்காக அது முள் இல்லாமல் போய்விடுமா? முள் கிடக்கிற நிலத்தில் விதையைப் போட்டு வீணாக்க வேண்டாம் என்று எரேமியா 4:3-ல் கர்த்தர் எச்சரிக்கிறார்.

2. மழைக்கு முன்னே வாய்க்காலை வெட்டு

II இராஜாக்கள் 3-ம் அதிகாரத்தில் மூன்று ராஜாக்கள் வனாந்தரத்தில் தண்ணீரில்லாமல் தவித்தார்கள். எலிசா அவர்களிடம் முதலில் வாய்க்கால் வெட்டத்தான் சொன்னான். மேகம் இல்லை, காற்று இல்லை, ஆனாலும் மண்வெட்டியை எடு! தண்ணீரை அனுப்புவது கர்த்தருடைய வேலை, பள்ளம் தோண்டுவது நம்முடைய வேலை.

நம் மாவட்டத்தில் மழையே பெய்வதில்லை என்கிறோம். ஆண்டுக்குச் சராசரி சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. 500 சதுர அடி கூரை மேல் அவ்வளவு மழை விழுந்தால் ஏறக்குறைய 37,000 லிட்டர் தண்ணீர். நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்றால், வருஷத்துக்கு 7,300 லிட்டர் போதும். சிந்தினது, வீணானது போனாலும் மிச்சம் இருக்கிறது. வானம் நமக்குக் குறை வைக்கவில்லை, பிடித்து வைக்கத்தான் நம்மிடம் பாத்திரம் இல்லை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். கரையையும் வரத்துக்காலையும் ஆடி, ஆவணியிலேயே சரிபண்ணாதவன் கார்த்திகையில் அழுது பிரயோஜனம் இல்லை.

வெயிலும் அப்படித்தான். நாம் சாபம் என்று சொன்ன வெயிலை நம்பி, 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழும்பியது. என் வீட்டுப் பலகை வெயிலை உண்டாக்குவதில்லை, வருகிறதை வாங்குகிறது, அவ்வளவுதான். பகலில் பேட்டரி வாங்கினதைத்தான் ராத்திரியில் செலவழிக்க முடியும். அதிகாலையில் ஜெபத்தில் வாங்காதவன் மாலையில் வீட்டாருக்கு எதைக் கொடுப்பான்?

3. மறுகாலைத் திற

நம் சபை வாலிபத் தம்பி ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, நானும் உங்கள மாதிரி காட்டுக்குப் போயிரலாம்னு பாக்குறேன். யாரு தயவும் வேணாம், எவன்கிட்டயும் போய் நிக்க வேணாம்" என்றார். கொஞ்ச நாளாகக் கூடுகைக்கும் வருவதில்லை. நான் சொன்னேன்: "தம்பி, அந்த நினைப்போட வந்தீங்கன்னா ஒரு கோடை தாங்க மாட்டீங்க. எங்க குட்டைக்குத் தண்ணி மேலக்காட்டுக்காரர் வாய்க்கா வழியாத்தான் வருது. எங்க வீட்டுக் குதிரைவாலி விதை பக்கத்து ஊர்ப் பாட்டி முந்தானையில முடிஞ்சு கொடுத்தது."

தேவ ஜனமே, I தீமோத்தேயு 6:6-ல் போதுமென்ற மனதைப் பவுல் பேசுகிறார். அங்கே மூல பாஷையில் உள்ள வார்த்தை 'அவுடார்க்கியா'. தன்னிறைவு என்று அர்த்தம். அதே வார்த்தையை II கொரிந்தியர் 9:8-லும் எழுதுகிறார். அங்கே அந்த நிறைவு எதற்காக? நற்கிரியையில் பெருகுவதற்காக! கதவைச் சாத்திக்கொள்வதற்காக அல்ல.

நம் முன்னோர் கண்மாய் வெட்டினபோது, கரையோடு கூட ஒரு கலுங்கும் கட்டினார்கள். மேல் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். கலுங்கை அடைத்துவிட்டு 'எல்லாம் எனக்கே' என்று வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? கீழூர் காயும், மேலூரின் கரையும் உடையும். இரண்டு ஊருக்கும் நஷ்டம்.

அருப்புக்கோட்டைக்கு வடமேற்கே டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தம் கடைசி வருஷங்களைக் கழித்த ஜே.சி. குமரப்பாவை நினைத்துப் பாருங்கள். 1892-ல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்காளராகத் தேறி, அமெரிக்காவில் படித்தவர். எல்லாவற்றையும் விட்டுக் கிராமத் தொழில்களுக்காக வாழ்ந்தார். சிறையிலிருந்தபோது நிலைத்த பொருளாதாரத்தைக் குறித்து ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் உயிர்களைத் தரம் பிரிக்கிறார். தான் ஒன்றும் செய்யாமல் மாந்தோப்பில் பறித்துத் தின்கிற குரங்கு ஒரு விதம். கூட்டுக்காக உழைக்கிற தேனீ அதைவிட மேல். பிரதிபலன் பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டுகிற தாய்ப்பறவையே எல்லாவற்றிலும் மேல். நம் குடும்பம் இதில் எந்த வரிசையில் நிற்கிறது?

ஈசாக்கைப் பாருங்கள். வெட்டின துரவுகளைப் பறித்தார்கள். ஏசேக்கை விட்டான், சித்னாவை விட்டான், ரெகொபோத்தில் இடம் கிடைத்தது. பிறகு பெயெர்செபாவுக்குப் போனான். அவனைத் துரத்திவிட்ட அபிமெலேக்கே அங்கே தேடி வந்தபோது விருந்து வைத்து அனுப்பினான். அந்த நாளிலேயே வேலைக்காரர் வந்து, தண்ணீர் கண்டோம் என்றார்கள். அல்லேலூயா! அதே பெயெர்செபாவுக்கு அருகில், ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையில்தான் 1965-ல் சொட்டு நீர்க் குழாய் செய்கிற தொழில் தொடங்கி, இன்றைக்கு அந்த முறை நம்ம காட்டு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு வறண்ட நாட்டின் மறுகால் இன்னொரு வறண்ட நாட்டில் பாய்கிறது.

இந்த மாதம் உங்கள் வீட்டு முள் எது, வெட்டாத வாய்க்கால் எது, அடைத்து வைத்த கலுங்கு எது என்று குடும்பமாக உட்கார்ந்து ஜெபியுங்கள். கர்த்தர் உங்கள் குட்டையை நிரப்பி, உங்களால் கீழ்க்காட்டையும் நனைப்பாராக. ஆமென்.