பிரஷைக் கையில் எடு!

கொல்லையில் புது டெக் நிற்கிறது. பலகையில் இன்னும் அந்த லேசான பச்சை. ஸ்டெயின் டப்பாவோ கராஜ் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. நீ என்னடாவென்றால், "இதெல்லாம் நமக்கு வராது, ஆளைக் கூப்பிடுவோம்" என்று போனைத் தடவிக்கொண்டிருக்கிறாய். கீழே வை அந்தப் போனை!

வராது என்று யார் சொன்னது? மாசி மாதத்து ஸ்கார்பரோவில், விடியுமுன் எழுந்து வாசல் பனியை அள்ளி எறிந்துவிட்டு வேலைக்குப் போன கை இது. நாலு அங்குல பிரஷுக்கா நடுங்கும்?

பலகையின் கதையைக் கேள். உருக்கு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சியெடுத்து, செம்பு கலந்த மருந்தை அழுத்தி உள்ளே ஏற்றிய மரம் அது. பச்சை அந்தச் செம்பின் நிறம். இந்த வகை மருந்துகளில் உலகையே ஆண்ட ஒன்றை 1933இல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் சொந்தி காமேசன். இந்தியர்! அதில் ஆர்சனிக் இருந்ததால், 2003 முடிவோடு அமெரிக்காவும் கனடாவும் வீட்டு டெக்குகளுக்கு அதை நிறுத்திவிட்டன. அதற்கு முந்தைய டெக் எதுவானாலும் மாஸ்க் இல்லாமல் தேய்க்காதே.

எனக்குப் பயம் இருந்ததில்லை. அதுதான் என் கோளாறு. பலகை வந்திறங்கிய வாரமே மூன்று கோட் அடித்தேன். மருந்து ஏற்றிய ஈரம் உள்ளேயே இருந்தது. ஸ்டெயின் எங்கே போகும்? மேலேயே நின்றது. கோடை முழுக்கச் செருப்பு ஒட்டியது. பனி உருகியதும் பார்த்தால், வெயிலில் கருகிய முதுகுத் தோல்போல உரிந்து கிடந்தது. அழவில்லை. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி இறங்கினேன்.

நீ அந்தத் தண்டனையை அனுபவிக்க வேண்டாம். பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விடு. தாமரை இலைபோல முத்து முத்தாக உருட்டி வைத்துக்கொண்டால் மரம் இன்னும் காயவில்லை, பொறு. சில வாரமோ, சில மாதமோ ஆகட்டும். பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டதா? பாய்!

எந்த ஸ்டெயின்? நிறமே இல்லாத கண்ணாடி வகை வெயிலைத் தடுக்காது; மரம் சீக்கிரமே சாம்பல் பூத்துவிடும். முழுதாக மூடும் வகை பெயின்ட்டுக்குத் தம்பி, கால் மிதிக்கும் தரையில் உரியும். மர வரி தெரிகிற நடுத்தர வகைக்கே என் ஓட்டு. ஆனால் கடை அட்டையின் நிறத்தை நம்பாதே, பச்சை மரத்தில் அது வேறாகத் தெரியும். மீந்த துண்டில் தடவிப் பார்த்து, உன் கண்ணை நம்பு.

உச்சி வெயில் வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே இறங்காத, இரண்டு நாள் மழை இல்லாத நேரமாகப் பார். இரண்டு மூன்று பலகைகளை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஒரே மூச்சில் இழு. நடுவில் டீ குடிக்கப் போனால், காய்ந்த ஓரத்தின்மேல் மறுபடி ஏறிய பட்டை காலத்துக்கும் உன்னைப் பார்த்துச் சிரிக்கும். அறுத்த முனைகள் தாகக்காரர்கள், தாராளமாக ஊட்டு. கால் மணி நேரம் கழித்தும் மேலே தேங்கி நிற்பதைத் துடைத்துவிடு. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தாயோ, தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடு.

சனிக்கிழமை வானம் வெளுத்திருந்தால் காலையிலேயே இறங்கிவிடு. படிக்கட்டை மட்டும் கடைசிக்கு வை. நான் அதை முதலில் பூசிவிட்டு, வீட்டுக் கதவும் உள்ளே பூட்டியிருக்க, பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொண்டிருக்க, கைப்பிடிக் கம்பியைத் தாண்டிக் குதித்தேன்.