வழுமரமும் அறநோக்கும்

ஒரு கருமம் கெட்டபின் காரணம் தேடுதல் எளிது. கெடுமுன் தேடுதலே அரிது. இவ்வரிய பணிக்கெனப் பொறியியலாளர் வகுத்த முறைகளுள் வழுமரப் பகுப்பாய்வும் ஒன்றாகும். 1962ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில், மினிற்மன் ஏவுகணையின் ஏவுதற் கட்டுப்பாட்டு அமைப்பினை ஆராயும்பொருட்டு உருவான இம்முறை, காலப்போக்கில் திட்டமுகாமைத்துவத்திலும் இடம்பெற்றது. நேரக்கூடாத நிகழ்வொன்றை உச்சியில் எழுதி, அதன் காரணங்களைக் கீழ்நோக்கிக் கிளை கிளையாகப் பிரித்துச் செல்வதே இதன் இயல்பு. காரணங்களுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தாலே கேடு விளையுமெனின் ‘அல்லது’ என்னும் படலையும், யாவும் ஒருங்கே நேர்ந்தாலன்றி விளையாதெனின் ‘உம்’ என்னும் படலையும் அக்கிளைகளை இணைக்கும்.

ஆயின், உச்சியில் எழுதவேண்டிய கேடு எது என்பதை எந்தப் படலையும் கூறாது. இங்கேதான் அறவினா பிறக்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையில் தங்கும் நிலத்தடி நீரே கிணறுகளின் ஆதாரம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு வகுக்கப்பட்ட யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம், இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டிற்குக் கொணர முதலில் எண்ணியது. குடாநாட்டு இல்லங்களுக்கு நன்னீர் கிட்டாமையை உச்சியில் எழுதினால், குழாய் உடைதல், இயந்திரம் பழுதுறல், நிதி தாமதித்தல் என்பன கிளைகளாகும். கிளிநொச்சி உழவரின் மறுப்பும் அவற்றோடு ஓர் இடையூறாகவே எண்ணப்படும். அவ்வுழவர் வரையும் மரத்திலோ, சிறுபோகத்தில் வயல் காய்தலே உச்சி. குடாநாடு செல்லும் குழாய் அதன் கிளைகளுள் ஒன்று. ஒருவருக்குத் தீர்வாவது மற்றவருக்கு வழுவாகின்றது. இருவரும் தருக்கத்தில் தவறினாரல்லர்.

உழவரின் எதிர்ப்பையடுத்துத் திட்டம் மாற்றப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்ல, கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் 2024இல் திறக்கப்பட்டது. எனினும் இத்தகைய நிலையத்திற்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும். எஞ்சும் உவர்மிகு நீரும் கடலையே சேரும். ஆதலின் கரையோர மீனவருக்கும் வரைதற்குரிய மரமொன்று உண்டு.

எல்லோரும் மரம் வரையப் புகின் எக்கருமமும் முற்றுப்பெறாதே எனச் சிலர் வினவலாம். எல்லா அச்சங்களும் ஒரே நிறையின அல்ல என்பது உண்மையே. ஆனால், இழப்போரின் மரத்தையும் கண்டபின் ஒன்றைத் தெரிவது தீர்ப்பு. அதற்கு விடையிறுக்க ஒருவர் இருப்பார். காணாது தெரிவதோ, கணிப்பு எத்துணை நுண்ணியதாயினும், வழுவே. அவ்வழு வரைந்தவரின் மரத்தில் எந்தக் கிளையிலும் தென்படாது.